மலை இருந்தும் போர் வராத மலையகம்

2025 ஜூன் 14

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர் போட்ட கேள்வி இது:

“ஒஸ்லோவில் உள்ள அமைதி ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்தேன். 2024இல் உலகத்தில் 36 நாடுகளில் 61 போர்களாம். 1946க்குப் பிறகு இதுதான் உச்சமாம். மலைப்பாங்கான நாடுகளில் உள்நாட்டுப் போர் அதிகம் வரும் என்று இன்னோர் இடத்தில் படித்தேன். நம் நாட்டில் கால் நூற்றாண்டுக்கு மேல் போர் நடந்தது. எங்கே நடந்தது? வடக்கே தட்டையான வன்னியில். மலையில் இருந்த நாங்கள் துப்பாக்கியைத் தொடவே இல்லை. இந்த ஆராய்ச்சிகள் யாருக்காக?”

ஜூன் 14, இரவு

முதலில் ஒரு சின்னத் திருத்தம். 61 என்பது அரசு ஒரு தரப்பாக இருக்கும் ஆயுத மோதல்களின் எண்ணிக்கை. எல்லாவற்றையும் போர் என்று அவர்கள் சொல்வதில்லை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் சேர்க்கும் தரவில் ஒரு வருடத்தில் 25 பேர் சண்டையில் செத்தால் அது மோதல், 1000 பேர் செத்தால் போர். இந்த 25 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

மலை பற்றிய வாதம் ஜேம்ஸ் ஃபியரன், டேவிட் லெய்ட்டின் இருவரும் 2003இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. 1945 முதல் 1999 வரை நடந்த 127 உள்நாட்டுப் போர்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாட்டில் எத்தனை இனம், எத்தனை மதம் என்பதெல்லாம் போரை அவ்வளவாக விளக்கவில்லை. வறுமையும் கை வலுவில்லாத அரசும் கரடுமுரடான நிலமும்தான் விளக்குகின்றன என்றார்கள். அரசின் கை எட்டாத இடத்தில் கிளர்ச்சிக்காரன் பதுங்கலாம். அவ்வளவுதான் வாதம்.

ஆனால் அவர்கள் கணக்கில் இலங்கைக்கு மொத்தமாக ஒரே ஒரு மலை எண். நிலத்தில் எத்தனை சதவீதம் மலை என்று ஒரு வரி. போர் அந்த மலையில் நடந்ததா, வன்னிக் காட்டில் நடந்ததா என்று அந்த வரி கேட்பதே இல்லை. ஆகவே உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. ஆராய்ச்சி வீண் என்ற முடிவுக்கு மட்டும் நான் வர மாட்டேன்.

ஜூன் 15, காலை

ராத்திரி முழுக்க இதே யோசனை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ‘மலை’ என்றால் என்ன? ஆறாம் நம்பர் மலை, பதினோராம் நம்பர் மலை. அம்மா வேலை முடிந்து வந்ததும் “இன்னைக்கு எந்த மலை?” என்றுதான் கேட்போம். கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மலை என்று பெயர், ஒவ்வொரு மலைக்கும் நம்பர்.

விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கம்பளியைத் தலையில் போட்டு, படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு அம்மா நிற்பார். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற ஆள் கணக்கு ஏட்டை விரித்துப் பேர் கூப்பிடுவார். யார் எந்த மலை என்று அங்கேயே பிரித்து அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் மடுவத்தில் கொழுந்தை நிறுத்து, பேருக்கு நேரே எழுதுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். படுத்துக் கிடப்பவர் யார், ஊருக்குப் போனவர் யார், எந்தக் காம்பராவில், அதாவது எந்த வீட்டு அறையில், விருந்தாள் வந்து தங்கியிருக்கிறார், எல்லாம் தோட்டத்து அதிகாரியான துரையின் காதுக்குப் போய்விடும்.

ஃபியரனும் லெய்ட்டினும் சொல்லும் மலையில் அரசுக்கு ஆளைத் தெரியாது. எங்கள் மலையில் தினமும் காலையில் ஆள் எண்ணப்பட்டது. ஏட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்.

இந்த மலையும் ஒரு காலத்தில் அவர்கள் சொல்லும் மலையாகத்தான் இருந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் இருவராலும் கண்டியைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 1803இல் கண்டிக்குப் போன ஆங்கிலப் படை அழிந்தே போனது. 1815இல்தான் ராஜ்யம் விழுந்தது. அதற்குப் பிறகும் 1817-18இல் ஊவாவில் பெரிய கிளர்ச்சி. பிறகு ரோடு போட்டார்கள், கோப்பி வந்தது, அதை ஏற்றி இறக்க ரயில் வந்தது. கண்டிக்கு 1867, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. அந்த ரோட்டையும் தண்டவாளத்தையும் போட்ட கைகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் கைகளும் இருந்தன. அரசின் கை மலையேறுவதற்கான வழியை வெட்டியவர்களே அந்தக் கையின் பிடிக்குள் வந்தார்கள்.

ஜூன் 15, மாலை

“இப்போது கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கிறார்களே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். ஒஸ்லோக்காரர்கள் உலகத்தையே அரைப் பாகை அகலமும் அரைப் பாகை உயரமும் உள்ள கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பூமத்திய ரேகைப் பக்கத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். நாட்டுக்கு ஒரு எண் என்ற பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல்.

படத்தை விரித்து வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, அப்புத்தளை எல்லாம் ஒரே கட்டம். பலாங்கொடையும் அதற்குள். சிவனொளிபாதமலை ஏறத்தாழ கோட்டின் மேலேயே நிற்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமும் சிங்களக் கிராமமும் நுவரெலியாவின் பெரிய ஹோட்டல்களும் அந்தக் கட்டத்தில் ஒன்று.

ஜூன் 17

ஜூன் 15 காலையில் எழுதியதில் பாதியை நானே திருத்த வேண்டும். மாத்தளைக்காரர் ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: “மலையில் ஆயுதமே எழவில்லை என்கிறீர்களே, 1971இல் எங்கள் பக்கம் நடந்தது என்ன?”

ஆமாம். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கம் ஆயுதத்தோடு எழுந்தபோது கேகாலைப் பக்கத்து மலைகளும் காடுகளும் அவர்களுக்கு மறைவிடமாக இருந்தன. 1987-89இல் கண்டி, மாத்தளை, பதுளை மாவட்டங்களில் ஆற்றில் பிணம் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே மலையில் ஆயுதம் எழுந்தது. லயத்திலிருந்து எழவில்லை. அதே மலை, அதே மழை. கிராமத்துப் பையனுக்குக் காட்டுக்குள் போனாலும் திரும்பி வரச் சொந்த வீடு ஒன்று உண்டு. லயத்துப் பையன் ஒரு வாரம் காணாமல் போனால் அவன் அப்பாவின் வேலையும் காம்பராவும் சேர்ந்தே போகும்.

இன்னொன்று. 1971க்கு முன் ஜே.வி.பி. புதிய ஆட்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. அதில் தோட்டத் தொழிலாளரை இந்தியாவின் கையாளாகக் காட்டினார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அம்மாயி, அம்மாவின் அம்மா, அவருக்கே தெரியாமல், ஒரு வெளிநாட்டுக் கொள்கை.

ஜூன் 18

25க்கு வருகிறேன்.

உப்சாலா தரவில் மூன்று பிரிவு: அரசு ஒரு தரப்பாக உள்ள மோதல், அரசு இல்லாத குழுக்களின் மோதல், ஆயுதம் இல்லாத மக்கள்மீது ஒரு தரப்பு மட்டும் நடத்தும் கொலை. கடைசி இரண்டுக்கும் கணக்கு 1989இல்தான் தொடங்குகிறது. எங்கள் ஆட்கள் லயம் லயமாக எரிக்கப்பட்ட 1977ம், 1981ம், 1983 ஜூலையும் அந்தக் கணக்குக்கு முந்தியவை. கும்பலாக வந்து எரித்தவர்களை ‘அமைப்பாகத் திரண்ட குழு’ என்று எழுதுவதும் சுலபம் இல்லை.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிஸ் குண்டில் செத்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணியைப் பறிக்காதே என்று நின்ற கூட்டத்தில் சிவனு லெட்சுமணன் குண்டடிபட்டுச் செத்தார். இரண்டு பேரையும் மலையகம் இன்றும் தியாகிகளாக நினைவுகூர்கிறது. தரவில் இவர்கள் ஒன்று, ஒன்று. 25க்கு வராத ஒன்று.

எங்கேயாவது கோடு போடத்தான் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. கோடு இல்லாமல் எத்தியோப்பியாவையும் உக்ரைனையும் இலங்கையையும் ஒரே அட்டவணையில் வைக்க முடியாது. என் மனத்தாங்கல் அடுத்த படியில். அட்டவணையில் பூச்சியம் என்று வந்ததை எடுத்துக்கொண்டு ‘அமைதியான பிரதேசம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நானும் மாணவனாக இருந்தபோது ஒரு கட்டுரையில் அப்படித்தான் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றினார். 83இல் நாலு ராத்திரி தேயிலைக்குள் படுத்துக் கிடந்தவர் அவர்.

ஜூன் 19

வவுனியாவிலிருந்து எழுதிய அக்காவுக்கு நன்றி. அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். அதற்கு முன், 70களின் பஞ்சத்தின்போதும் போனார்கள். அக்காவின் அப்பா அப்படிப் போனவர். “தம்பி, மலையகத்தான் போரில் இல்லை என்று எழுதாதீங்க. எங்க வீட்டிலேயே மூணு பேர் இல்லை. 2009இல் நாங்க செட்டிக்குளம் முகாமில் இருந்தோம். செத்தவங்க கணக்கில் எங்களை வன்னித் தமிழர் என்று எழுதினாங்க, அவ்வளவுதான்.”

இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. போர் மலைக்கு வராவிட்டாலும் மலையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் போருக்குள் போய் விழுந்தார்கள். கட்டம் வைத்துப் பார்த்தால் இறப்பு முல்லைத்தீவுக் கட்டத்தில் பதியும். அது தொடங்கிய இடம் தலவாக்கலைக் கட்டத்தில் கிடக்கும்.

மலையிலேயே தங்கியவர்களுக்கும் போர் தூரத்தில் இல்லை. நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினால் முதலில் பேரைப் பார்ப்பார்கள், பிறகு பிறந்த ஊரை. நுவரெலியா என்று இருந்தால் சில நாள் விடுவார்கள், சில நாள் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். 2000 ஒக்டோபர் 25இல் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்களைக் கும்பல் புகுந்து கொன்றது. 25 பேருக்கு மேல். கேள்வி கேட்ட பண்டாரவளை நண்பருக்கு அது கூப்பிடு தூரம்.

ஜூன் 22

இன்றைக்கு நீளமாக எழுதப் போகிறேன். இவ்வளவு நாளும் சுற்றிச் சுற்றி வந்தது இங்கே வரத்தான்.

சர்வதேச உறவு என்று பாடம் நடத்துகிறவர்கள் ராபர்ட் பட்னம் 1988இல் எழுதிய கட்டுரையை விடமாட்டார்கள். இரண்டு நாட்டுத் தலைவர்கள் பேசும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு மேசை. ஒன்றில் எதிர்நாட்டுக்காரர், இன்னொன்றில் உள்நாட்டு வாக்காளரும் கட்சிகளும். இரண்டு மேசையிலும் செல்லுபடியாகும் காய்தான் நகரும்.

1964 ஒக்டோபர் 30, டில்லி. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போடுகிறார்கள். எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாமல் நாடற்றவராக இருந்த எங்கள் ஆட்கள் மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் என்று கணக்கு. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 1974இல் இந்திரா காந்தியோடு உட்கார்ந்து அதையும் சரிபாதியாக 75 ஆயிரம், 75 ஆயிரம் என்று பிரித்தார்கள்.

இந்தியாவின் மேசையில் என்ன இருந்தது? 1962இல் சீனாவோடு நடந்த போரில் பட்ட அடி. அடுத்தே, அந்தச் சண்டையைத் தணிக்க ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டியவர் சிறிமாவோ. நேரு 1964 மே மாதம் இறந்தார். இந்த ஆட்கள் இலங்கைக்காரர்கள், இந்தியப் பிரஜைகள் அல்ல என்ற நிலையில் நின்றவர் அவர். புதிதாக வந்த சாஸ்திரிக்கு அண்டை நாட்டுச் சிக்கல் ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. இலங்கையின் மேசையில் கண்டிப் பகுதித் தொகுதிகள். 1947 தேர்தலில் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடம் வென்றிருந்தது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம், அப்புறம் வாக்குரிமையும் போனது. 1952இல் ஒரு இடமும் இல்லை. வாக்கு இல்லாதவன் எந்த மேசையிலும் காய் இல்லை.

பட்னத்தின் படத்தில் எங்களை எங்கே வைப்பது என்று பல வருடம் தேடியிருக்கிறேன். இந்தியாவின் உள்மேசையில் நாங்கள் இல்லை, இலங்கையின் உள்மேசையிலும் இல்லை. மேசைமேல் வைத்துப் பங்கு போடப்பட்டதே நாங்கள்தான்.

அந்தப் பங்கு எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்கிறேன். அம்மாயி இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். அவருடைய தங்கை, என் சின்ன அம்மாயி, இந்தியாவுக்கு எழுதினார். ஏன் என்று கேட்டால் அம்மா ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்வார். ஒருமுறை, பஞ்சத்தில் மாவுக்கு நின்றதில் மனசு வெறுத்துவிட்டது என்றார். இன்னொருமுறை, எழுதிக் கொடுத்த ஆள் எதில் கைநாட்டு வைக்கச் சொன்னாரோ அதில் வைத்தார் என்றார். சின்ன அம்மாயி, புருஷன், மூன்று பிள்ளைகள், ஆக ஐந்து பேர். 1973இல் போனார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. கோச்சி நகரும்போது அம்மாயி சன்னலுக்குள் கையை விட்டுத் தங்கையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே ஓடினாராம். பிளாட்பாரம் முடிந்த இடத்தில் சேலைக் கரை கிழிந்து கையோடு வந்துவிட்டதாம். அந்தத் துணித்துண்டு ரொம்ப நாள் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. நான் சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், பச்சைக் கரை.

80களின் நடுவில் கப்பல் நிற்கும்வரை அப்படிப் போனவர்கள், பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, சுமார் நாலரை லட்சம். ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை. எந்த மோதல் தரவிலும் இது இல்லை.

ஜூன் 23

நேற்றுப் படித்துவிட்டு இரண்டு பேர், “அப்படியானால் ஒப்பந்தம்தான் மலையகத்தில் போரைத் தடுத்தது என்கிறீர்களா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

இல்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. குடிசன மதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ 1971இல் 9.3 சதவீதம், 1981இல் 5.5. பத்து வருடத்தில் அந்தப் பங்கு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு குறைந்துவிட்டது. இதை வைத்து ‘கோபப்படக்கூடியவர்களில் பலபேரைக் கப்பலேற்றிவிட்டார்கள்’ என்று எழுத எனக்குக் கை துடித்தது. ஆனால் அந்தக் குறைவு முழுவதும் கப்பலில் போனது அல்ல. கணக்கெடுக்க வந்தவரிடம் தங்களை இலங்கைத் தமிழர் என்று சொல்லிக்கொண்டவர்களும் நிறைய. அவர்களுக்கும் காரணம் இருந்தது. இந்தியன் என்று எழுதினால் அடுத்த கப்பலில் தன் பேர் வருமோ என்ற பயம்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ‘இங்கே போர் நடக்கவில்லை, ஏன்?’ என்று ஒரு ஆய்வாளர் கேட்டால், நிலத்தையும் வருமானத்தையும் பார்ப்பதோடு ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு அரசுகள் சமாதானமாகப் போனதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் மோதல் ஆய்வுக்குள் வர வேண்டிய கேள்வி.

ஜூன் 26

பேராதனையில் படிக்கும் தங்கச்சி ஒருவர் எழுப்பிய விஷயம் முக்கியமானது. ஃபியரன்-லெய்ட்டினுக்கு எதிராக லார்ஸ்-எரிக் செடர்மன், ஆந்திரேயாஸ் விம்மர், பிரையன் மின் மூவரும் 2010இல் வேறு தரவோடு வந்தார்கள். ஆட்சியில் பங்கு மறுக்கப்பட்ட இனங்கள்தான் கிளர்ச்சி செய்கின்றன, மனக்குறையை ஒதுக்க முடியாது என்றார்கள். “அப்படியானால் நம்மைவிட ஒதுக்கப்பட்டவர்கள் யார்? நாம் ஏன் கிளர்ச்சி செய்யவில்லை?” என்கிறார் அவர்.

தங்கச்சி, கிளர்ச்சி செய்தோம். ஆயுதம் இல்லாமல் செய்தோம். 1952இல் கொழும்பில் சத்தியாகிரகம் இருந்தார்கள். 1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது: வேலைக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்து சாமி கும்பிடுவது. எனக்கு அப்போது எட்டு வயது. தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் சனம், அம்மா மடியில் நான். கொழுந்து முற்றிக்கொண்டே போனது. கொழுந்து முற்றினால் துரைக்குச் சூடு பிடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாமி கும்பிடுகிறவனைச் சுட முடியாது என்று யார் முதலில் யோசித்தார்களோ, கெட்டிக்காரர். அதே வருடம் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது. மிச்சப் பேருக்கு 2003இல்தான் முடிந்தது.

எரிக்கா செனோவெத் ஆயுதமற்ற போராட்டங்களைப் பெரிய தரவாகத் தொகுத்தவர். 1900 முதல் 2006 வரை பார்த்ததில், ஆயுதமற்றவை ஆயுதப் போராட்டங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வென்றன என்று காட்டியிருக்கிறார். ஆனால் அந்தத் தரவின் இலக்கணம் ஆட்சியைக் கவிழ்ப்பது, நாடு பிரிவது, அந்நியப் படையை விரட்டுவது. ‘என்னையும் இந்த நாட்டு ஆள் என்று எழுதிக்கொள்’ என்று கேட்பது அந்த இலக்கணத்துக்குள் வராது. மேற்படிப்புக்குத் தலைப்புத் தேடுகிறேன் என்றீர்களே, இதை எடுங்கள். அந்தப் பொங்கலை நினைவு வைத்திருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த லீவில் தோட்டத்துக்கு வாருங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஜூலை 2

ஜூன் 22 குறிப்பில் இரண்டு தவறு.

கோத்தகிரியில் இருக்கும் சின்ன அம்மாயியின் பேரன் இந்த இழையைப் படித்துவிட்டுப் பழைய பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினான். முத்திரையில் உள்ள வருடம் 1972. அம்மா சொன்னதை வைத்து நான் 1973 என்று எழுதிவிட்டேன்.

குடும்பப் படத்தில் ஐந்து பேர் இல்லை, ஆறு பேர். ஓரத்தில் நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருக்கிறது. பிள்ளைகள் பட்டியலில் நாலாவதாக அதன் பேர் மங்கிப் போய் வாசிக்க முடியவில்லை.

போனை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த காம்பராப் பிள்ளை என்றார். தாய் இல்லை, தகப்பன் எங்கேயோ போய்விட்டான். விட்டுவிட்டுப் போக மனசு வராமல் சின்ன அம்மாயி தன் பிள்ளை என்று எழுதிக் கூட்டிப்போய்விட்டாராம். அம்மாவுக்கும் பேர் ஞாபகம் வரவில்லை. மேல் லயத்துப் பெரியம்மாவுக்குத் தெரியும், நாளைக்குக் காலையில் போய்க் கேட்டு வருகிறேன் என்கிறார்.